கோட்டை நாலாம் பார்ட்டுக்குக் கட்டிய பரிவட்டம்

என் தலையில் கட்ட வேண்டிய பரிவட்டத்தை என் அண்ணன் தலையில் கட்டினார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் ஆள் குதிப்பான் என்றுகூட அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. சின்னப் பிள்ளைகள் விளையாட்டுத்தானே, அதற்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். சிவகங்கைச் சீமையில் பிறந்தவர்களுக்கு ஒரு துண்டு யார் தலையில் ஏறுகிறது என்பது விளையாட்டு இல்லை. அதற்காகக் கோயில் தேர் நின்றிருக்கிறது. எங்களுக்கு ஒரு வீடியோ கேம் நின்றது.

காரைக்குடியில், தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் ஊரில் எங்களை 'வேதக்கார டீச்சர் வீடு' என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போவேன். பெண் பிள்ளை டைப்பிங் லோயர் பரீட்சையாவது முடித்து வைத்திருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வேதவாக்கு. அந்த இன்ஸ்டிடியூட் ஒரு பழைய செட்டியார் வீட்டின் முன்கட்டில் இருந்தது. முன்கட்டை பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கத்தை டைப்பிங்குக்கும் மறுபக்கத்தை வீடியோ கேம் கடைக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஏ எஸ் டி எஃப் தட்டிக்கொண்டிருப்போம். அந்தப் பக்கம் யாராவது செத்துக்கொண்டே இருப்பார்கள். சாகும்போது கேம் போடுகிற அந்தச் சோக ராகம் எனக்கு மனப்பாடம்.

கடை வைத்திருந்தவர் மானகிரிக்காரர். சிங்கப்பூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'கடைக்கார அண்ணன்'. இரண்டு டிவி வைத்திருந்தார். கேசட் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தாலும் கடைக்குக் கூட்டம் வந்தது ஒரே ஒரு கேமுக்குத்தான். அதன் பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்ததால் எவருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஒரு கோட்டைக்குள் போய் கூண்டில் அடைபட்டிருக்கிறவளை மீட்க வேண்டும் என்பதுதான் கதை என்பதால் நாங்களே அதற்குக் 'கோட்டை' என்று பெயர் வைத்துவிட்டோம். வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, "என்ன மாப்ள, இன்னைக்கும் கோட்டைதானா? நாட்டரசன்கோட்டைக்கா, இந்தக் கோட்டைக்கா?" என்று கேலி பேசுவார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணமே என் அண்ணன்தான். கிளாஸ் முடிந்ததும் என்னை சைக்கிளில் கூட்டிப்போக வருவான். வந்தவன் கடைக்குள் போய் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவான். எத்தனை நாளைக்குத்தான் தெருவில் நிற்பது? நானும் உள்ளே போனேன். கொஞ்ச நாள் நின்று பார்த்தேன், கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாள் ஆள் இல்லாத நேரத்தில் கடைக்கார அண்ணன், "தாயி, நீ வேணா ஒரு ஆட்டம் போடு" என்று ரிமோட்டை நீட்டினார். கண்ட்ரோலரை நாங்கள் ரிமோட் என்றுதான் சொல்வோம். டைப்பிங்கில் பழகிய விரல், பொத்தானைப் பார்க்காமலே தட்டியது. அதற்கப்புறம் என்னை அங்கிருந்து எழுப்புவது அண்ணனுக்குப் பெரும் பாடாகிவிட்டது.

கோட்டை முதல் பார்ட்டில் ஒரு வாள்காரன், அவ்வளவுதான். இடமிருந்து வலமாக ஓடுவான். பின்னால் திரும்ப முடியாது. ஒரு சாவியை விட்டுவிட்டால் விட்டதுதான், திரும்பிப் போய் எடுக்க வழியில்லை. இரண்டாம் பார்ட்டில் குதிரை வந்தது, இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம் என்று வந்தது. வந்ததுதான் தாமதம், கடையில் பாதிப் பேர் மூக்கால் அழ ஆரம்பித்தார்கள். "வரவர மாமியா கழுதை போல ஆனாளாம். மொதப் பார்ட்டு மாதிரி வருமா? குதிரை எதுக்குங்கறேன்?" என்று புலம்பினான் ஒரு பாலிடெக்னிக் பையன். ஆள் பனைமரம். அவனைக் கடையே 'நெட்டை' என்று கூப்பிடும். குதிரையை ஏசிக்கொண்டே குதிரையில் ஏறி இரண்டாம் பார்ட்டை முதலில் முடித்தவனும் அவன்தான்.

புதுப் பார்ட்டு வந்தால் பழசு கெட்டுவிட்டது என்று சொல்பவர்களை எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. மாறாமல் இருக்க வேண்டும் என்றால் பழைய கேசட்டையே திரும்பத் திரும்பப் போட்டு ஆட வேண்டியதுதானே, யார் கையைப் பிடித்தார்கள்? ஒரு தொடர் என்றால் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. மூக்கு ஒன்றாக இருக்கும், புத்தி ஆளுக்கு ஒன்றாக இருக்கும். கோட்டையில் எந்தப் பார்ட்டைப் போட்டாலும் கதவு திறக்கும்போது அதே சத்தம் வரும், வாள்காரன் சாகும்போது அதே மாதிரி ஒரு கையைத் தூக்கிவிட்டுத்தான் விழுவான். மற்றதெல்லாம் மாறும். மாறுவதைக் கற்றுக்கொள்கிறவன் ஆடுவான், மாட்டாதவன் குறை சொல்வான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இதற்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இணையம் வந்த பிறகு, பட்டணத்துப் பிள்ளை ஒருத்தன், நாங்கள் மூன்று என்று சொன்னது ஜப்பானில் நாலாம் பாகம், இடையில் ஒன்று எங்களுக்கு வரவே இல்லை, கேசட்டின் மேல் ஒட்டியிருந்த நம்பரே கள்ள நம்பர் என்று எனக்குப் பாடம் எடுத்தான். இருக்கட்டும். எங்கள் ஊரில் அது மூன்றுதான். வராத பாகத்துக்கு நாங்கள் ஏன் ஒரு நம்பரை ஒதுக்கி வைக்க வேண்டும்?

பரிவட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாம் பார்ட்டு கடைக்கு வந்த அன்றைக்கு, யார் முதலில் ஆடுவது என்று பெரிய சண்டை. பிடித்து இழுத்ததில் ஒரு ரிமோட்டின் வயர் அறுந்தது. ஒருத்தன் சட்டையும் கிழிந்தது. கடைக்கார அண்ணன் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் ஒரு தீர்ப்போடு வந்தார். கோயிலில் யாருக்கு மரியாதை என்று ஒரு முறை வைத்திருக்கிறோம் இல்லையா, அது போலக் கடைக்கும் ஒரு முறை. முன் பார்ட்டை எல்லோர் கண் முன்னாலும் முதலில் முடித்தவர் யாரோ, புதுப் பார்ட்டை அவர்தான் திறக்க வேண்டும். தாம்பாளத்தில் எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் கேசட்டும் வைத்து நீட்டுவார். தலையில் ஒரு சிவப்புப் பட்டுத் துண்டைக் கட்டிவிடுவார். பரிவட்டம் கட்டியவர் கையால் போட்டால் ஒழிய கேசட் மெஷினுக்குள் போகாது.

முதல் தடவை எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். முதல் பார்ட்டையும் முதலில் முடித்தவன் என்பதால் நெட்டைக்குத்தான் கட்டினார்கள். துண்டு ஏறியதும் அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான் என்று சொல்வார்கள். மூன்றாம் பார்ட்டு வந்தபோது இரண்டாம் தடவையும் அவனுக்கே கட்டினார்கள். அதை நான் பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தாம்பாளம் வந்தபோது உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நெட்டை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேசட்டைத் தொட்டான். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்தது எனக்கு என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் பார்ட்டு ஆளையே தலைகீழாகப் புரட்டிப் போட்டது. முதல் தடவையாக அதில் பின்னால் திரும்பலாம். விட்டுப்போன கதவைத் தேடிப் போகலாம். திரும்பினால்தான் வழியே கிடைக்கும். முதல் இரண்டு பார்ட்டும் ஆடி ஆடி, ஓடு ஓடு என்று பழகியவர்களுக்கு இது ஆகவே இல்லை. நெட்டை பாய்ந்து பாய்ந்து போய் வலது கோடியில் முட்டிக்கொண்டு சாவான். எனக்கு அந்தப் பழக்கம் ஊறவில்லை. பொறுமையாக ஒவ்வொரு கதவாகத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஆடி முடிக்கும் முன்னால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அப்படி எத்தனையோ தடவை போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, மாதா புண்ணியத்தில் கரண்ட் போகவில்லை, நான் முடித்தேன். முடிவில் கூண்டு திறந்து அவள் வெளியே வருவாள். களைத்து உட்கார்ந்திருக்கிற வாள்காரன் கையிலிருந்து வாளை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொள்வாள். எல்லோரும் கைதட்டினார்கள். "பாப்பா முடிச்சிருச்சுப்பா" என்று நெட்டையே வாய்விட்டுச் சொன்னான். அன்றைக்கு ஒருத்தரும் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

ஆட்சேபணை எல்லாம் நாலாம் பார்ட்டு வந்த பிறகுதான் வந்தது.

கேசட் சென்னையிலிருந்து வந்துவிட்டது என்று அண்ணன் சொன்னான். அன்றைக்கு நான் டைப்பிங்கில் ஒரு வரி உருப்படியாக அடிக்கவில்லை. கிளாஸ் முடிந்ததும் தலையை வாரிக்கொண்டு கடைக்குப் போனேன். தாம்பாளம் தயாராக இருந்தது. ஆனால் கடைக்கார அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"தாயி, நீ முடிச்சது முடிச்சதுதான். அதுல யாருக்கும் ஒரு பேச்சு இல்ல" என்றார். "ஆனா பரிவட்டம்னா ஒரு மொறை இருக்குல்ல."

"என்ன மொறைண்ணே?"

"பொம்பளப் புள்ளைக்குக் கட்டுறது இல்லத்தா. எங்க ஊருலயும் இல்ல, எந்த ஊருலயும் இல்ல. பொம்பளைக்குப் பாத்தியப்பட்ட மரியாதைய அந்த வீட்டு ஆம்பளை வாங்கிக்கிருவாக. அதான் வழக்கம்."

"எந்த ஊருலண்ணே வீடியோ கேமுக்குப் பரிவட்டம் கட்டுறாக? நீங்கதானே ஆரம்பிச்சீக? நீங்க வச்சதுதானே மொறை?"

நெட்டை இடையில் புகுந்தான். "அதில்ல பாப்பா, வேதக்காரவுகளுக்கு எதுக்குப் பரிவட்டம்? ஒங்க வீட்லயே ஒத்துக்கிற மாட்டாக."

"எங்க மாதா கோயில் சப்பரத்துக்கும் மாலை மரியாதை உண்டு. அதுக்கும் அடிதடி உண்டு. தெரியாட்டி கேட்டுத் தெரிஞ்சுக்க" என்றேன். என் குரல் நடுங்கியது. அழுகை இல்லை, ஆத்திரம். ஆத்திரத்திலும் எனக்குக் குரல் நடுங்கும், அதை அழுகை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் மேல் இன்னும் ஆத்திரம் வரும்.

அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். "தம்பி, இங்குட்டு வா" என்று கடைக்கார அண்ணன் கூப்பிட்டார். வர மாட்டான், என் தங்கச்சி முடிச்சதுக்கு நான் எதுக்கு வாங்கணும் என்று கேட்பான் என்று நினைத்தேன். நான் மடச்சி. அவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, செருப்பை விட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து தலையைக் குனிந்தான். சிவப்புத் துண்டு அவன் தலையில் ஏறியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, தலை நரைத்து, போன மாசம்கூட எங்கள் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். இருந்தாலும் மன்னிக்கவில்லை. நோகாமல் நொங்கு தின்பது என்பார்களே, அதை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

கேசட் உள்ளே போனது. முதல் படமே புதிது. இதுவரைக்கும் எந்தப் பார்ட்டிலும் ஆளைத் தேர்ந்தெடுக்கிற வேலை கிடையாது. இதில் நாலு பேர் வரிசையாக நின்றார்கள். வாள்காரன், கோடாலிக்காரன், வில்காரன். நாலாவதாக அவள், மூன்று பார்ட்டாகக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவள். அண்ணன் வாள்காரனை எடுத்தான். முதல் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தான். குதிக்கிற பொத்தானையும் வெட்டுகிற பொத்தானையும் நாலாம் பார்ட்டில் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். அவனுக்குப் பழைய இடமும் தெரியாது, புது இடமும் தெரியாது. பரிவட்டம் நெற்றியில் சரிந்து கண்ணை மறைத்தது. கூட்டம் நெளிய ஆரம்பித்தது.

"சரி தாயி, மரியாதை முடிஞ்சிருச்சு. இப்ப நீ ஆடு" என்று கடைக்கார அண்ணன் ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

என் கை அரித்தது. பொய் சொல்லவில்லை, உள்ளங்கை நிஜமாகவே அரித்தது. அவள் அந்த வரிசையில் நாலாவதாக நின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தலையில துண்டு இருக்கோ அவுகளே ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

அம்மா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் நான் கேம் கடைக்குப் போவதற்குத் திட்டு விழுந்தது. "டைப்பிங்குக்குன்னு சொல்லிட்டு ஆம்பளைப் பயலுக நடுவுல போயி உக்காந்திருக்கியா? வாத்தியார் வீட்டுப் புள்ளை பண்ற வேலையா இது?" என்றாள். திட்டு முடிந்து நான் அழாமல் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினாள். "துண்டுதானேடி. அதென்ன சோத்துக்காகுமா? கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாந்தான் சப்பரத்துக்குத் துணி தைக்கிறேன், ராவும் பகலும் பூக் கட்டுறேன். மாலையை ஒங்கப்பாவுக்குத்தான் போடுறாக. அதனால என்ன கொறஞ்சு போச்சு?"

"ஒனக்குக் கொறையலையா?"

அம்மா சிவப்புப் பேனாவை அடுத்த பேப்பரில் வைத்தாள். "லோயர் பரீட்சைய ஒழுங்கா எழுது. அப்புறம் பேசு" என்றாள்.

அதிலிருந்து நான் கடைக்குள் கால் வைக்கவில்லை. கிளாஸ் முடிந்தால் அண்ணனுக்குக்கூடக் காத்திருக்காமல் போய்விடுவேன். ஆனால் பிளைவுட்டுக்குக் காது அடைக்க முடியுமா? நாலாம் பார்ட்டின் பாட்டு எனக்குத் தடுப்பு வழியாகவே பாடமானது. தினமும் ஒரே இடத்தில் அது அறுந்தது. தண்ணீரில் விழுகிற 'தொபுக்' சத்தம், அப்புறம் அந்தச் சோக ராகம், அப்புறம் நெட்டையின் வசவு. நாலைந்து வாரம் இதே கதை. நான் என் மெஷினில் வேண்டுமென்றே ஓங்கி ஓங்கித் தட்டினேன். லோயர் பரீட்சையில் எனக்கு நல்ல மார்க் வந்தது அந்த ஆத்திரத்தில்தான்.

ஒரு நாள் அண்ணன் சாப்பிடும்போது அவனாகவே ஆரம்பித்தான். "அந்தத் தண்ணிய எவனாலயும் தாண்ட முடியலடி. வாளும் ஆகல, வில்லும் ஆகல."

"நாலாவதா நிக்கிறவளை எடுத்துப் பாத்தீகளா?"

"எவளை?" என்று முழித்தான். அப்புறம் விளங்கி, "அது பொம்பளை. அதை வச்சு எவன் ஆடுவான்? கடைபூராம் சிரிப்பாய்ங்க" என்றான்.

எனக்குச் சோறு புரையேறியது. அவ்வளவுதான் விஷயம். மூன்றாம் பார்ட்டின் கடைசியில் அவள் வாளை வாங்கித் தோளில் வைத்தபோதே கேம் சொல்லிவிட்டது, இனிமேல் இவள்தான் என்று. அத்தனை பேரும் பார்த்தார்கள், கைதட்டினார்கள், ஒருத்தருக்கும் ஏறவில்லை. வாள்காரன் குதிரையில் ஏறினால் சரி, வானத்தில் பறந்தால் சரி, கோட்டையையே தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாலும் சரி. அவளை எடுத்து ஆடுவது மட்டும் ஆகாது. நாளைக்குப் போய்ச் சொல்லு, அவளை எடுக்கச் சொல்லு என்று அண்ணனிடம் சொன்னேன். ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. அவன் போய்ச் சொல்லவும் இல்லை, அவன் சொல்லியிருந்தாலும் அவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள்.

இப்படி இருக்கும்போதே ஐந்தாம் பார்ட்டு வந்து இறங்கியது. கடைக்கார அண்ணனுக்குத் தலைவலியும் வந்து இறங்கியது. நாலை முடித்தவர்தான் ஐந்தைத் திறக்கலாம், அவர் வைத்த முறை. நாலை முடித்தவர் எவரும் இல்லை. கேசட் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பசங்கள் வந்து வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் கடைக்கார அண்ணன் டைப்பிங் இன்ஸ்டிடியூட் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தாயி, வந்து நாலை முடிச்சுக் குடு. ஒன்னாலதான் முடியும். எல்லாரும் ஏங்கிப் போயிக் கெடக்காய்ங்க."

"முடிக்கிறேன்ணே. அதுக்கு முன்னாடி நாலாம் பார்ட்டு மரியாதைய எனக்குக் கட்டுங்க. எல்லாரு முன்னாடியும்."

"அதான் ஒங்க அண்ணனுக்குக் கட்டியாச்சே. கட்டுனத அவுக்கிறது ஆகாது."

"அவன் தலையில கட்டுனத அவன் வச்சுக்கிறட்டும். எனக்குக் கட்ட வேண்டியது அப்படியே நிக்குது."

"இம்புட்டு வீம்பு பொம்பளப் புள்ளைக்கு ஆகாதுத்தா."

"அப்ப அஞ்சாம் பார்ட்டு அலமாரியிலயே கெடக்கட்டும்ணே. அதுக்கு என்ன, சோறா தண்ணியா?"

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "சனிக்கெழமை வா. பேசி முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. என்னை விட்டால் அவர்களுக்கு ஆள் இல்லை, நான் இல்லாமல் அடுத்த பார்ட்டு இல்லை.

சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, ஈஸ்டருக்கு எடுத்த தாவணியைக் கட்டிக்கொண்டு போனேன். தெரு முனையிலேயே ஒரு புதுப் பாட்டு கேட்டது. நாலாம் பார்ட்டின் பாட்டு இல்லை அது. கதவு திறக்கிற சத்தம் மட்டும் பழையது. உள்ளே போனால் கடை கொள்ளாத கூட்டம். முதல் டிவியில் ஐந்தாம் பார்ட்டு ஓடிக்கொண்டிருந்தது. நெட்டை ஆடிக்கொண்டிருந்தான். தாம்பாளம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, யார் தலையிலும் எதுவும் இல்லை.

"பரிவட்டம் எல்லாம் எடுத்தாச்சு பாப்பா" என்றான் நெட்டை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "இனிமே யாருக்கும் கெடையாது. யாரு மொதல்ல வாராகளோ அவுக ஆட வேண்டியதுதான்."

நான் கடைக்கார அண்ணனைப் பார்த்தேன். "சண்டை வேணாம்னுதான் தாயி. எல்லாருக்கும் பொதுவா ஆக்கிப்புட்டேன்" என்றார்.

பொதுவாம். நெட்டைக்கு இரண்டு தடவை கட்டினீர்கள், ஆடத் தெரியாத என் அண்ணனுக்குக் கட்டினீர்கள், அப்போதெல்லாம் தனியாக இருந்த மரியாதை, என் முறை வந்ததும் பொதுவாகிவிட்டது. எனக்குக் கொடுப்பதைவிட, மரியாதை என்ற ஒன்றையே இல்லாமல் ஆக்கிவிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஒருத்தரைத் தேர் வடத்தைத் தொட விடுவதற்குப் பதில் தேரையே ஓட்டாமல் போட்டுவிடுகிற ஊர்கள் உண்டு. வெயிலில் காய்ந்து சக்கரம் வெடித்தாலும் வெடிக்கட்டும் என்று இருப்பார்கள். அதைப் பெரியவர்கள் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பதினெட்டு, இருபது வயசுப் பையன்களும் செய்வார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பிப் போயிருக்கலாம். போனால் அழுதுகொண்டே போகிறாள் என்பார்கள்.

"நாலாம் பார்ட்டக் குடுங்கண்ணே" என்றேன்.

"அதை இனிமே எவன் தாயி ஆடுறது?"

"நான் ஆடுறேன். குடுங்க."

கொடுத்தார். மூலையில் இருந்த இரண்டாவது டிவி முன்னால் உட்கார்ந்தேன். கேசட்டை நானே போட்டேன். நாலு பேர் வரிசையாக வந்தார்கள். மூன்று பேரையும் தாண்டி அவளிடம் போய் நிறுத்தி அழுத்தினேன். பின்னால் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். சிரி என்று நினைத்துக்கொண்டேன். அவள் உடம்பு இலேசு. வாள்காரனைவிடத் தூரமாகத் தாண்டினாள், தாண்டும்போது அந்தரத்தில் ஒரு நொடி நின்றாள். அந்த ஒரு நொடியைத்தான் அந்தத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனை வாரமாக என் காதில் விழுந்த 'தொபுக்' சத்தம் வரவில்லை. அவள் அக்கரையில் நின்றாள். என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன், அப்புறம் இன்னொருத்தன் என்று இந்தப் பக்கம் திரும்பினார்கள். மதியம் வரைக்கும் ஆடினேன். பசித்தது, எழவில்லை. கடைசி மண்டபத்தில் கூண்டு இருந்தது. இந்தத் தடவை அதற்குள் இருந்தவன் வாள்காரன். அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

யாரும் கைதட்டவில்லை. நெட்டை மட்டும் எழுந்து வந்து, "அந்தத் தண்ணிய எப்படித் தாண்டுன?" என்று கேட்டான்.

"அவளை எடுக்கணும்" என்றேன். "அம்புட்டுத்தான்."

எழுந்தேன். அந்தச் சிவப்புத் துண்டு டிவிக்கு மேலே கிடந்தது. திரையில் படிந்த தூசியைத் துடைக்க அதைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு முனை ஏற்கெனவே கறுத்திருந்தது. எடுத்து உதறினேன்.

"தாயி, அது இனிமே மரியாதை இல்ல. வெறும் துண்டு" என்றார் கடைக்கார அண்ணன்.

"வெறும் துண்டுதானே? அப்ப நான் எடுத்துக்கிட்டா ஒங்களுக்கு ஒண்ணும் கொறையாதுல்லண்ணே."

நான் அதை நானே தலையில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கடைவீதி வழியாகத்தான் போனேன். சந்து வழியும் உண்டு, வேண்டுமென்றேதான் போகவில்லை. கடைக் கூட்டத்தில் நின்றிருந்த அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான். "எடுடி அதை. ஊரே பாக்குது" என்றான். "பாக்கட்டும்" என்றேன். பாத்திரக் கடைக்காரர் பார்த்தார், பூக்காரம்மா பார்த்தாள், பஸ்ஸுக்கு நின்ற ஜனம் பூராவும் பார்த்தது. ஒரு கிழவர் என்னைப் பார்த்து, எந்தக் கோயில் திருவிழா என்று யாரிடமோ விசாரித்தார். நான் நிமிர்ந்தே நடந்தேன்.

வீட்டில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"இது என்னடி வேஷம்?"

"பரிவட்டம்."

"யாரு கட்டிவிட்டா?"

"யாரும் கட்டல. நானே கட்டிக்கிட்டேன்."

வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அண்ணன் அதைப் பார்ப்பதற்காகவே வாசலில் நின்றான். அம்மா எழுந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். தூசி படிந்து கறுத்திருந்த முனையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"முடிச்சு நெத்திக்கு வந்துருக்கு பாரு. பின்னாடில்ல வரணும்" என்றாள். "அங்குட்டுத் திரும்பு."

திரும்பினேன். அவிழ்த்து, உதறி, கறுப்பு உள்ளே போகும்படி மடித்து, இறுக்கிக் கட்டினாள்.

"ஒங்கப்பா வந்து பாக்குற வரைக்கும் அவுக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி துவைக்க உட்கார்ந்தாள்.